கலங்கரை விளக்கமும் காருக்குள் வந்த கண்ணும்

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் அர்ச்சுனன் தபசையும், ஐந்து ரதங்களையும், கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குன்றின் மேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தில் ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏறினால், பக்கத்துப் பாறையில், மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே ஒரு பழைய கற்கோயில் தெரியும். ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் என்று பெயர். பல்லவர் காலத்துக் கோயில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர்கள் இந்தக் கோயிலின் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். பிறகு அருகிலேயே கல்லால் தனிக் கோபுரம் எழுப்பி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கை அங்கே மாற்றினார்கள்.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து மேற்கே போனால் ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் வரும். அங்கே உள்ள மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் ஒரு பெரிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கேமராவும் ரேடாரும் பொருத்திய மின்சாரக் கார்களை உருவாக்கும் பொறியாளர்கள் வேலை செய்யும் இடம் அது.

கல் கோபுரத்துக்கும் மின்சாரக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது! இரண்டுமே வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண்ணாக இருப்பவை. ஒன்று மாலுமிக்கு, மற்றது ஓட்டுநருக்கு. ஆனால் ஒரு கண் கரையில் இருந்தது, இன்னொரு கண் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. இந்த இடமாற்றத்தால் வந்த சிக்கல்தான், காசு கொடுத்துவிட்டு "புது கருவி எப்போது வரும்?" என்று உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களைக் காத்திருக்க வைத்தது.

கரையில் இருந்த கண்

தமிழருக்குக் கலங்கரை விளக்கம் புதிதல்ல. அந்தச் சொல்லே சிலப்பதிகாரத்தில் வருகிறது. அதற்கும் முந்தைய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்ற கடற்கரை ஊரில் இரவில் தீ எரிந்த உயரமான மாடத்தைப் பற்றிப் பேசுகிறது. ஏணி வைத்து ஏறவும் முடியாத அளவுக்கு உயரம், திசை தடுமாறும் கப்பல்களை அழைக்கும் விளக்கு என்பது அந்த வர்ணனையின் சாரம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் இது. அந்த நீர்ப்பெயற்று இன்றைய மாமல்லபுரம்தான் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அது சரியென்றால், குன்றின் மேல் விளக்கு வைக்கும் பழக்கம் பல்லவருக்கும் முந்தையது என்றாகிறது.

இந்த முறையில் ஒரு பெரிய வசதி இருந்தது. கோயில் உச்சியிலிருந்து விளக்கு புதுக் கோபுரத்துக்கு மாறியபோது எந்தக் கப்பல்காரரும் தன் கப்பலில் ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லை. எண்ணெய் விளக்கு போய் மின்விளக்கு வந்தபோதும் அப்படித்தான். பெரிய நீராவிக் கப்பலுக்கும் சின்னப் படகுக்கும் ஒரே நாளில் ஒரே வெளிச்சம் கிடைத்தது. செலவையும் பொதுவில் பகிர்ந்துகொண்டார்கள். 1927-ஆம் ஆண்டின் இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டப்படி, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. 2021-ல் அந்தச் சட்டத்தின் இடத்தில் கடல்சார் வழிகாட்டு உதவிகளுக்கான புதிய சட்டம் வந்தது.

விளக்கு கெட்டுப்போனால் யார் பொறுப்பு? அரசு. புதிய விளக்கு வாங்க யார் பணம்? எல்லோருடைய பணம். பழைய கப்பல் வைத்திருப்பவனுக்குப் புது வெளிச்சம் தெரியுமா? தெரியும். இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எளிமையாக இருந்த காலம் அது.

செங்கல்பட்டில் கார் வந்த கதை

இனி சாலைக்கு வரலாம். மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை 1999-ல் செயல்படத் தொடங்கியது. 'ஐகான்' கார் அங்கிருந்துதான் வந்தது. 2002-ல் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி தொடங்கியது. 2007-ல் அங்கே பி.எம்.டபிள்யூ. தன் தொழிற்சாலையைத் திறந்தது. 2012-ல் மஹிந்திரா ரிசர்ச் வேலி என்ற ஆராய்ச்சி மையம் வந்தது. அப்போதெல்லாம் இந்தப் பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமானது.

2021-ல் வந்த எக்ஸ்.யூ.வி. 700 இந்த ஆராய்ச்சி மையத்தில் உருவானது. ஓட்டுநருக்கு உதவும் மின்னணு ஏற்பாட்டோடு வந்த முதல் மஹிந்திரா வண்டி அதுதான். 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் பி.இ. 6இ, எக்ஸ்.இ.வி. 9இ என்ற இரண்டு மின்சாரக் கார்களை அந்த நிறுவனம் அறிமுகப்படுத்தியது. முதல் காரின் பெயர் பின்னர் பி.இ. 6 என்று சுருங்கியது. உற்பத்தி மகாராஷ்டிராவின் சாக்கனில் நடந்தாலும், பொறியியல் வேலையில் பெரும்பங்கு செங்கல்பட்டில் நடந்தது. 2025 பிப்ரவரி 14 அன்று முன்பதிவு தொடங்கிய முதல் நாளிலேயே 30,179 பதிவுகள். அதே ஆண்டு ஜனவரியில் பி.எம்.டபிள்யூ. தன் ஐ.எக்ஸ். 1 மின்சாரக் காரை இங்கேயே தயாரித்து விற்பதாக அறிவித்தது.

ஆக, காரின் கண் எப்படிப்பட்டது என்ற கேள்வி இந்த மாவட்டத்துக்குத் தூரத்துக் கேள்வி அல்ல.

காரின் கண் எப்படிப் பார்க்கிறது?

ஓட்டுநர் உதவி ஏற்பாட்டை எல்லோரும் சுருக்கமாக 'அடாஸ்' என்கிறார்கள். அதில் மூன்று பகுதிகள் உண்டு. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா, சாலையில் போட்ட வெள்ளைக்கோட்டையும் மனிதர்களையும் வண்டிகளையும் அடையாளம் காண்கிறது. பம்பருக்குள் இருக்கும் ரேடார், ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து எதிரே இருப்பதன் தூரத்தையும் வேகத்தையும் அளக்கிறது. மூன்றாவது, இவை இரண்டும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்து பிரேக் பிடிக்கவும் ஸ்டியரிங்கைத் திருப்பவும் முடிவெடுக்கும் கணினி.

பி.இ. 6-ன் மேல்நிலை வகையில் 5 ரேடார்களும் 1 கேமராவும் உள்ளன. விலை குறைந்த முதல் வகையில் இந்த ஏற்பாடு இல்லை. வாங்கும் நாளில் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு. பம்பருக்குள் இல்லாத ரேடாரை எந்த மென்பொருளாலும் பிறகு உண்டாக்க முடியாது.

இந்த ஏற்பாடுகளை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கும் முறையை, எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 2014-ல் வெளியிட்டது. இன்று கடைகளில் விற்கும் கார்களில் பெரும்பாலானவை இரண்டாம் நிலையைத் தாண்டாதவை. அதாவது கார் உதவி செய்யும், ஆனால் கவனம் முழுக்க ஓட்டுநருடையதே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருநாள் போனால் இதன் காரணம் புரிந்துவிடும். மாடு நடுவில் படுத்திருக்கும், எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள் வரும், வெள்ளைக்கோடு சில இடங்களில் மணலுக்கு அடியில் இருக்கும். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் சாலையும் இதற்கு இளைத்ததல்ல.

முதலில் காசு, பிறகு கண்

"கையிலே காசு, வாயிலே தோசை" என்பது நம் ஊர் வியாபார முறை. காசைக் கொடுத்தவுடன் தோசை வாய்க்கு வந்துவிட வேண்டும். கார் வியாபாரத்தில் இந்த வழக்கத்தை உடைத்த நிறுவனம் அமெரிக்காவின் டெஸ்லா.

2014 அக்டோபரில் டெஸ்லா கேமரா, ரேடார், உணரிகளோடு கார்களை விற்கத் தொடங்கியது. அவற்றை வேலை செய்ய வைக்கும் 'ஆட்டோபைலட்' மென்பொருள் ஓராண்டு கழித்து, 2015 அக்டோபரில் இணையம் வழியாக வந்து சேர்ந்தது. வாசலில் நிறுத்தியிருந்த கார் ஒரே இரவில் புது வித்தை கற்றுக்கொண்டது! மக்களுக்குப் பிடித்துப்போனது. வாங்கிய பிறகும் வளரும் கார் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பிறந்தது.

2016 அக்டோபரில் அடுத்த கருவித் தொகுப்பு வந்தது. 8 கேமராக்கள், புதிய கணினி. இனி தயாராகும் எல்லா டெஸ்லா கார்களிலும் முழுத் தானியங்கி ஓட்டத்துக்குத் தேவையான வன்பொருள் இருக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. முந்தைய தொகுப்பை வாங்கியவர்களுக்கு இதை மாற்றிப் பொருத்த வழியில்லை. புதிதாக வாங்கியவர்களுக்கும் ஏமாற்றம் இருந்தது. பழைய காரில் இருந்த தானியங்கி அவசர பிரேக் போன்ற சில வசதிகள்கூடப் புதிய காரில் ஆரம்பத்தில் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்துதான் பெற்றார்கள்.

2019-ல் மூன்றாவது தொகுப்பு, டெஸ்லாவே வடிவமைத்த சிப்போடு வந்தது. அப்படியானால் 2016-ல் "தேவையான வன்பொருள்" என்று சொன்னது? அது போதவில்லை என்று இதன் மூலம் தெரிந்தது. முழுத் தானியங்கி வசதிக்கு முன்பே பணம் கட்டியவர்களுக்குக் கணினியை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். 2021 ஜூலையில் அந்த வசதிக்கு மாதச் சந்தா முறை வந்தபோது, பழைய கணினி வைத்திருந்தவர்கள் அதை மாற்ற 1,500 டாலர் தர வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பவே 1,000 டாலராகக் குறைத்தார்கள். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லி விற்ற பொருளுக்கு எதற்காக மறுபடி பணம் என்பதுதான் அந்த உரிமையாளர்கள் கேட்ட நியாயமான கேள்வி.

2023-ல் நான்காவது தொகுப்பு வந்தது. 2025 ஜனவரியில், மூன்றாவது தொகுப்போடு முழுத் தானியங்கி வசதிக்குப் பணம் கட்டியவர்களின் கணினிகளை மாற்ற வேண்டியிருக்கும் என்று எலான் மஸ்க்கே முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார். அது கடினமான, வேதனையான வேலை என்பதையும் மறைக்கவில்லை.

ஏன் கடினம்? கலங்கரை விளக்கம் என்றால் ஒரு விளக்கை மாற்றினால் போதும். இங்கே ஒவ்வொரு காராகக் கழற்ற வேண்டும். கணினியின் அளவு வேறு, மின்சாரத் தேவை வேறு, கேமராக்களின் திறன் வேறு. மென்பொருளைப் பத்து லட்சம் கார்களுக்கு ஒரே இரவில் அனுப்பலாம். வன்பொருளை அப்படி அனுப்ப முடியாது.

புதியதும் பழுதானால்?

காத்திருந்து கிடைக்கும் கருவியாவது நன்றாக இருக்குமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டின.

2023 டிசம்பரில் ஆட்டோபைலட் தொடர்பாக அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்பதைக் கண்காணிக்கும் ஏற்பாடு போதாது என்பது குற்றச்சாட்டு. அதற்கு மென்பொருள் வழியாகவே தீர்வு அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் நடந்தது வேறு வகை. கணினிப் பலகையில் குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பின்பக்கக் கேமராவின் படம் வராமல் போகலாம் என்று 2,39,382 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவை எல்லாம் 2023 முதல் 2025 வரையிலான புதிய கார்கள்! பழைய கணினிக்காரர்கள் புதியது வேண்டும் என்று காத்திருந்த அதே மாதத்தில், புதிய காரின் கணினிப் பலகை பழுதாகிறது என்ற செய்தியும் வந்தது.

2025 ஜூலையில் டெஸ்லா மும்பையில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. அங்கேயும் விலைப்பட்டியலில் முழுத் தானியங்கி வசதிக்குத் தனியாக 6 லட்சம் ரூபாய் என்று இருந்தது. அந்த வசதி அன்று இந்தியச் சாலைகளில் இயங்கவில்லை. காசு முதலில், கண் பிறகு என்ற முறை கப்பல் ஏறி இங்கேயும் வந்துவிட்டது.

கிருஷ்ணகிரியில் நடந்தது

கப்பல் ஏறி வரும் முன்பே தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் பெரிய தொழிற்சாலை கட்டிய ஓலா எலக்ட்ரிக், 2021 ஆகஸ்ட் 15 அன்று தன் மின்சார ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. டிசம்பரில் வண்டிகள் வீட்டுக்கு வந்தபோது, விளம்பரத்தில் சொன்ன பல வசதிகள் இல்லை. மென்பொருள் வழியாகப் பிறகு வரும் என்றார்கள். வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கட்டுப்பாடு போன்றவை 2022-ன் நடுப்பகுதியில்தான் வந்தன.

மென்பொருள் சரி. இரும்பு? ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைகிறது என்ற புகார்கள் எழுந்தன. 2023 மார்ச்சில் புதிய வடிவமைப்பு ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன்பதிவு செய்துவிட்டு சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். இணையம் வழியாக ஃபோர்க் வராதல்லவா! 2024 அக்டோபரில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களின் அடிப்படையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலான புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. ஆனால் அந்த விதிகள் பேசுவது பழுதைப் பற்றி. 'வரும்' என்று சொன்ன வசதி வராமல் போவது பழுது அல்ல, அது வாக்கு தவறுவது. அதற்குத் தனியாக நுகர்வோர் ஆணையத்தின் படியேற வேண்டும்.

வாக்குறுதியின் ஆயுள்

வாக்குறுதிக்கும் ஆயுள் உண்டு என்பதற்கு உதாரணம் மறைமலை நகரிலேயே இருக்கிறது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது. என்றாலும் ஃபோர்டு வைத்திருந்தவர்களுக்கும், அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் அந்தச் செய்தி இடியாகத்தான் இறங்கியது. பின்னர் 2025 அக்டோபரில், அதே ஆலையில் எஞ்சின் தயாரிக்க ஃபோர்டு தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது.

ஐகானோ ஃபிகோவோ வைத்திருந்தவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அவருடைய கார் வாங்கிய நாளிலேயே முழுமையான கார். நிறுவனம் போனாலும் அதில் எதுவும் குறையாது, பக்கத்துத் தெரு மெக்கானிக் பார்த்துக்கொள்வார். ஆனால் பாதி வசதி இன்றும் மீதி நாளையும் என்று விற்கப்பட்ட காரின் நிறுவனம் கடையைக் கட்டிவிட்டால், அந்த மீதி எங்கிருந்து வரும்? அதன் கணினிப் பலகையை எந்த மெக்கானிக் மாற்றுவார்? இந்தக் கேள்விதான் பழைய வாங்குபவருக்கு இல்லாமல், புதிய வாங்குபவருக்கு வந்த கவலை.

முடிவாக..

இதனால் புதிய தொழில்நுட்பமே வேண்டாம் என்பதல்ல. நேரத்தில் பிடிக்கும் ஒரு பிரேக் ஒரு உயிரைக் காப்பாற்றும். பேருந்து, லாரி போன்ற பெரிய வண்டிகளுக்குத் தானியங்கி அவசர பிரேக்கையும், ஓட்டுநர் தூங்கினால் எச்சரிக்கும் கருவியையும் கட்டாயமாக்க 2025-ல் மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டதும் அதனால்தான்.

கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கண் கரையில் இருந்தவரை அதைப் புதுப்பிப்பது ஊர்ப் பொறுப்பு. கண் வண்டிக்குள் வந்த பிறகு அது வாங்கியவனின் தனிக் கவலை. எனவே கார் வாங்கப் போகிறவர் கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் மாற வேண்டும். "இந்த வண்டி நாளைக்கு என்னவெல்லாம் செய்யும்?" என்று கேட்பதை விட "இன்றைக்கு என்ன செய்கிறது, ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேட்பது நல்லது. நாளைக்கு என்று எதையாவது சொன்னால், எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்று எழுதி வாங்குவது இன்னும் நல்லது. இன்று இல்லாத வசதிக்கு இன்றே விலை கொடுப்பது, வாங்குபவர் நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கொடுக்கும் கடன்!

மாமல்லபுரத்துக் குன்றில் இரவானால் விளக்கு சுழல்கிறது. மீனவர் படகு நேற்று வாங்கியதா, இருபது வருடம் பழையதா என்று அது கேட்பதில்லை. சாலையில் ஓடும் வண்டிகளுக்கும் அப்படி ஒரு நியாயம் கிடைக்கும்வரை, வாங்குகிறவர் தன் சொந்தக் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.